பாவாடை மடிப்பில் ஒரு மீன்

அப்பாவின் வண்டியில் செயின் கண்ணில் படாது. எங்கள் தெருவில் ஓடிய புல்லட்டுக்கு மேலே மட்டும் ஒரு தகரம் இருக்கும். அதன் கீழே செயின் மினுங்கிக்கொண்டு தொங்கும். அப்பாவுடைய ஹீரோ ஹோண்டா சிடி 100-ல் முன்னிருந்து பின்வரை முழுக்கத் தகரக் கூடு. அந்தக் கூட்டில் எட்டணா அகலத்துக்கு ஒரு கறுப்பு ரப்பர் மூடி உண்டு. நகத்தை விட்டு நெம்பினால் 'பொளக்' என்று கழன்று வரும். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கோடு இரண்டு மூன்று கண்ணி தெரியும். 1993-ம் வருஷம் ஆனி மாதத்தில், 13 ராத்திரி அந்த ஓட்டைக்கு முன்னால் டார்ச் லைட்டோடு குந்தியிருந்தேன். எனக்கு அப்போது 11 வயது.

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகிற வழியில் எங்கள் வீடு. அப்பா கால்நடை ஆய்வாளர். ஊர்க்காரர்கள் வாயில் அந்தப் பதவிப் பெயர் நுழையாது, 'மாட்டு டாக்டர்' என்றே சொல்வார்கள். மாட்டுக்குச் சினை ஊசி போட ஆள் வந்து கூப்பிட்டால் சோற்றில் வைத்த கையை உதறிவிட்டுக் கிளம்புவார். கேரியரில் சின்ன அலுமினியக் கேன் கட்டியிருக்கும். அதற்குள் மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வழிந்து தரையில் தவழும். எங்கள் வகுப்பில் இந்தப் புகையைப் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

அப்பா போன பாதைகளில் தார் ரோடு பாதிகூடக் கிடையாது. தோப்புக்குள் வண்டித் தடம், பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்கால் மேட்டு மண்பாதை, செங்கல் சூளைச் சேறு. ஆனி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று கிளம்பும், கூடவே பொடிச் சாரல். பெய்கிற மாதிரியும் இருக்காது, நிற்கிற மாதிரியும் இருக்காது. தகரக் கூடு போட்டிருந்தாலும் அந்தச் சகதி எப்படியோ உள்ளே போய், செயினில் இருக்கிற எண்ணெயோடு குழைந்து, சாணைக் கல்லில் வழிகிற கூழ் மாதிரி ஆகிவிடும். அது ஓடுகிற இடமெல்லாம் இரும்பைத் தின்னும்.

அந்த வருஷம் மேடு ஏறும்போது வண்டி 'டக், டக்' என்று குத்த ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் சத்தம் முன்னால் ஓடும், வண்டி பின்னால் நிற்கும். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா ஒவ்வொரு குத்துக்கும் அப்பாவின் சட்டையைப் பிடித்தார். "ஏனுங்க, இந்த வண்டி என்னைய எறக்கி விடற மாதிரியே இருக்குதுங்க."

அப்பாவுக்குக் கோபம் வண்டி மேல் இல்லை. ஏழெட்டு மாதம் முன்புதான் ஒரு பட்டறையில் செயினை மாற்றியிருந்தார். பல் சக்கரங்களையும் சேர்த்து மாற்றலாமா என்று கேட்டதற்கு, "பல்லு இன்னும் ஒரு வருஷத்துக்குத் தாங்கும் சார், வெட்டிச் செலவு எதுக்கு?" என்று அங்கே சொல்லிவிட்டார்கள். செலவு மிச்சம் என்று அப்பாவும் தலையாட்டிவிட்டு வந்தார். தேய்ந்த பல்லில் புதுச் செயினை மாட்டினால் பல் செயினைத் தின்னும். செயின் நீண்டதும் அது திரும்பப் பல்லைத் தின்னும். அந்த விஷயம் பணம் போன பிறகுதான் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

"இந்தத் தடவ நாமளே மாட்டறோம்" என்றார் அப்பா. அந்த 'நாம' யார் என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் தம்பி எனக்குக் கிடையாது.

ஒரு சனிக்கிழமை கோயம்புத்தூர் போய் செயின் செட் வாங்கி வந்தார். செயின் ஒன்று, முன் ஸ்ப்ராக்கெட் ஒன்று, பின் ஸ்ப்ராக்கெட் ஒன்று. அப்பா வாயில் அது 'ஸ்பாக்கெட்'. மாட்டு மடியைத் தடவிப் பார்ப்பதுபோலவே அந்தப் பல் சக்கரத்தைச் சுற்றிலும் தடவிப் பார்த்தார். செயின் கோயம்புத்தூர்க் கம்பெனியுடையது. 1937-ல் பஸ் விட ஆரம்பித்த எல்.ஜி. பாலகிருஷ்ணன் சகோதரர்கள் பிற்பாடு செயின் செய்ய இறங்கியவர்கள். "பஸ் ஓட்டுனவங்களுக்குத்தான் எது தேயும்னு தெரியும்" என்று டப்பாவை ஆத்தாவிடம் காட்டினார் அப்பா. ஆத்தா டப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "பொட்டப் புள்ளைய எதுக்குடா கிரீஸ்ல முக்கற?"

மறுநாள் ஞாயிறு. பொடக்காலியில் கொய்யா மரத்தடியில் சாக்கு விரித்து வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தினோம். பழைய அலுமினியப் போசியில் ரேஷன் சீமெண்ணெய், ஒரு தேய்ந்த பல் துலக்கும் பிரஷ், 90 ஆயில் ஒரு டப்பா, இரவல் வாங்கிய ரிங் ஸ்பேனர்கள், ஒரு நோஸ் பிளேயர், சுத்தியல், உளி. அம்மா பழைய நாளிதழ்களைக் கொண்டுவந்து போட்டார். அப்பா அதில் வண்டியின் படத்தை வரைவதுபோல, கழற்றுகிற போல்ட்டை எல்லாம் கழற்றிய வரிசையில், கழற்றிய இடத்துக்குத் தக்கபடி வைத்தார். "மாட்டும்போது பேப்பர்ல ஒண்ணும் மிஞ்சக் கூடாது. மிஞ்சுனா அது மனுசன் செஞ்ச தப்பு."

முதலில் கியர் லீவர் வந்தது, அதன் பின்னால் முன் ஸ்ப்ராக்கெட்டை மறைத்திருந்த சின்ன மூடி. மூடியைத் திறந்தபோது உள்ளே கறுப்புச் சேறு களியாக உறைந்திருந்தது. அப்பா அதைக் குச்சியால் வழித்தார், நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். பிறகு கூட்டின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் கழன்று வந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பாவின் வண்டியில் முழுச் செயினையும் பார்த்தேன். கிழட்டு நாயின் வயிறுபோலத் தொய்ந்து தொங்கியது.

எனக்குக் கிடைத்த முதல் வேலை பிரேக். வலது பக்கம் போய் பிரேக் பெடலைக் காலால் அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும். செயின் மாட்டியிருக்கும்போதே முன் ஸ்ப்ராக்கெட்டின் இரண்டு போல்ட்டையும் தளர்த்திவிட வேண்டுமாம். செயினைக் கழற்றிவிட்டால் சக்கரம் ஸ்பேனரோடு சேர்ந்து சுற்றும், போல்ட் சிரிக்கும். போல்ட் கழன்ற பிறகு அதைப் பிடித்திருந்த தகட்டை ஒரு பல் அளவு திருப்பினார். அது தண்டில் இருந்த பள்ளத்துக்கு நேராக வந்து, பூட்டுக்குள் சாவி சரிந்ததுபோல வெளியே வந்தது.

பின்சக்கரத்தை இறக்கிய பிறகு பின் ஸ்ப்ராக்கெட்டின் நான்கு நட்டுகளையும் மடக்கிப் பூட்டியிருந்த வாசர்களை உளியால் நிமிர்த்தினார். பழைய சக்கரத்தைக் கையில் வாங்கினேன். ஒவ்வொரு பல்லும் ஒரே பக்கம் சாய்ந்து, நுனி கூராகி, ஆத்தாவின் கருக்கரிவாள் போலிருந்தது. புதுச் சக்கரத்தில் பற்கள் நேராக, நுனி மழுங்கலாக, பள்ளம் வட்டமாக. "எத்தனை பல்லு, எண்ணு" என்றார். முன் சக்கரத்தில் 14. அது சுலபம். பின் சக்கரத்தை மூன்று தடவை எண்ணினேன், மூன்று எண் வந்தது. அப்பா என் பள்ளிக்கூடப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து ஒரு பல்லில் வெள்ளை தடவினார். "ஆரம்பிச்ச எடம் தெரிஞ்சாத்தான் சுத்தி வந்தது தெரியும்." எண்ணினேன். முன்னதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. முன் சக்கரம் மூன்று சுற்று ஓடினால்தான் பின் சக்கரம் ஒரு சுற்று ஓடும். சின்னதுக்கு ஓட்டம் அதிகம், அதனால்தான் அது முதலில் தேய்கிறது என்றார்.

அன்றைக்குப் பார்த்ததில் இன்றும் கண்ணில் நிற்பது கொய்யாக் கிளைதான். கிளையில் ஒரு ஆணி அடித்து, பழைய செயினையும் புதுச் செயினையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டார். இரண்டிலும் ஒரே எண்ணிக்கைக் கண்ணி என்று என்னையே எண்ண வைத்தார். கிட்டத்தட்ட நூறு. ஆனால் பழையது புதியதைவிட ஒரு விரல் அகலத்துக்குக் கீழே இறங்கியிருந்தது.

"நீண்டுபோச்சுங்ப்பா."

"இரும்பு எங்க கண்ணு நீளும்? ரப்பரா அது?"

பழைய செயினின் ஒரு கண்ணியைச் சீமெண்ணெயில் கழுவிக் காட்டினார். பக்கத் தகடு இரண்டு, குறுக்கே பின். பின்னைச் சுற்றி ஒரு குழல், அதுதான் புஷ். புஷ்ஷுக்கு மேல் உருளுகிற ரோலர். சக்கரத்தைச் சுற்றிச் செயின் வளையும்போதெல்லாம் புஷ்ஷுக்குள் பின் கொஞ்சமாகத் திரும்பும். அந்தத் திருப்பத்தில் மயிரிழை தேயும். ஒரு மூட்டில் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. நூறு மூட்டிலும் தேய்ந்தால் செயின் ஒரு சென்டிமீட்டர் இறங்கும். அரை அங்குலத்துக்கு ஒரு கண்ணி என்று கணக்குப் பண்ணி வெட்டிய பல்லில் இந்தச் செயின் எப்படி உட்காரும்? பள்ளத்தில் உட்காராமல் பல்லின் மேல் ஏறும், மேட்டில் துள்ளும். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் இந்தப் புஷ் வைத்த ரோலர் செயினுக்கு 1880-ல் காப்புரிமை வாங்கினார் என்று வளர்ந்த பிறகு படித்தேன். படித்தபோது ரெனால்டின் முகம் எனக்குத் தோன்றவில்லை. சீமெண்ணெய் வாசனை அடித்தது.

புது ஸ்ப்ராக்கெட்டுகள் ஏறின, சக்கரம் ஏறியது. செயினைப் போடுகிற நேரத்தில் சாரல் பிடித்துக்கொண்டது. வண்டியை ஆசாரத்துத் திண்ணையோரம் தள்ளினோம். சற்று நேரத்தில் கரண்ட்டும் போனது. அம்மா அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து வைத்தார்.

செயினின் இரண்டு முனையையும் பின் ஸ்ப்ராக்கெட்டின் அடுத்தடுத்த பற்களில் மாட்டிவிட்டால், பல்லே இரண்டு முனையையும் பிடித்துக்கொள்ளும். இணைப்புக் கண்ணியைப் பின்பக்கமிருந்து நுழைத்து, வெளியே பக்கத் தகட்டை வைத்து, அதன்மேல் லாக்கைத் தள்ள வேண்டும். அந்த லாக் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு முனை வட்டமாக மூடியிருக்கும், மறுமுனை வால்போலப் பிளந்திருக்கும். அசல் மீன் குஞ்சு. காலையிலேயே டப்பாவிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்துச் சொல்லியிருந்தார்: "இதுதான் இருக்கறதுலயே சின்னது. ஆனா இது போனா எல்லாம் போச்சு. செயின் பிரிஞ்சு சக்கரத்துல சுத்திக்கிச்சுன்னா ஆளு காலி. மீனு எப்பவும் தலைய முன்னால நீட்டித்தான் நீந்தும். செயின் ஓடற பக்கம் மூடுன முனை. மாத்திப் போட்டா எதுலயாவது ஒரசி வாலு விரிஞ்சிரும்."

நாள் முழுக்க அதைப் பத்திரமாக வைத்திருந்தேன். பிரேக் அழுத்தும்போது வாயில்கூட ஒருமுறை வைத்திருந்து அம்மாவிடம் திட்டு வாங்கினேன். விளக்கைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னபோது மடியில் வைத்தேன். மடியில் வைத்தது மட்டும்தான் நினைவு.

"லாக்கக் குடு, அம்மிணி."

மடியில் இல்லை. திண்ணையில் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் ஈரத் தரையெல்லாம் லாக்காக மினுங்கியது. அப்பா நோஸ் பிளேயரோடு கையை நீட்டியபடி, முகத்தைத் திருப்பாமல், இரண்டு முனையையும் விரலால் பிடித்திருந்தார். என் காலடியில் போசி இருந்தது. சீமெண்ணெயில் பழைய செயின் சுருண்டு கிடந்தது, அதன் மேலேயே பழைய லாக். எடுத்துப் பாவாடையில் துடைத்து அப்பாவின் கையில் வைத்தேன்.

'டிக்' என்று ஏறியது. "அவ்வளவுதான்" என்றார் அப்பா. கூட்டை மூடி, எட்டு போல்ட்டோ பத்து போல்ட்டோ முடுக்கினார். நாளிதழில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆத்தாவுக்குக் கேட்கும்படி, "என் அஸிஸ்டென்ட் இல்லீன்னா இன்னிக்கு முடிஞ்சிருக்காது" என்றார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, ஆசாரத்தில் நின்ற வண்டியின் ரப்பர் மூடியை முதல் தடவை நெம்பினேன். நியூட்ரலில் இருந்தால் பின்சக்கரத்தைக் கையால் சுற்றலாம். சுமார் இரண்டரைச் சுற்றுக்கு ஒருமுறை லாக் ஓட்டைக்கு நேராக வந்து போகும். மங்கலான பழைய மீன், தலையை முன்னால் நீட்டிக்கொண்டு. இருக்கிறது. மூடியை அழுத்திவிட்டுப் போய்ப் படுத்தேன். இருக்கிறது என்று தெரிந்தது இன்றைக்குத்தான், நாளைக்கு? அப்பாவின் வண்டி சாயங்காலம் வளைவில் திரும்புகிற சத்தம் கேட்கிறவரை வீட்டுப் பாடம் ஓடாது. புதுச் செயினில் வண்டி தையல் மெஷின் மாதிரி வந்தது. அந்தச் சத்தத்தை வீட்டில் எல்லோரும் கொண்டாடினார்கள். எனக்கு அது நடுவில் ஒரு இடத்தில் தட்டுவதுபோலவே கேட்டது.

புதன்கிழமை அம்மா துவைக்கிற கல்லிலிருந்து கூப்பிட்டார். "இதென்ன கண்ணு, உன்ர பாவாடைல ஊக்கு?"

அந்தக் காலத்தில் பாவாடையை வளர்த்தியாகத் தைத்து, கீழே இரண்டு டக் பிடித்துவிடுவார்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொரு டக்காகப் பிரிப்பார்கள். கீழ் டக்கின் தையல் ஓரிடத்தில் விட்டிருந்தது. அந்த மடிப்புக்குள் போய் உட்கார்ந்திருந்தது புது லாக். சோப்பு நுரையில் வெள்ளி போலப் பளபளத்தது. "என்னுதுதானுங்மா" என்று வாங்கி, ஜாமென்ட்ரி பாக்ஸில் காம்பஸுக்கு அடியில் வைத்தேன்.

இனிமேல் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கிடைத்த பிறகு சொல்வது, கிடைக்காதபோது சொல்வதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்ற கேள்வி ஒவ்வொரு நாளும் ஒரு நாள் அளவு பெரிதானது. அதற்குள் நான் சக்கரம் சுற்றுவதை அப்பா பார்த்துவிட்டார். திட்டவில்லை. அருகில் வந்து, ஓட்டைக்குள் விரலை விட்டு, செயினை மேலும் கீழும் அசைக்கக் கற்றுக்கொடுத்தார். ஓர் அங்குலம் ஆட வேண்டும். அதற்கு மேல் போனால் தொய்வு, கீழே போனால் இறுக்கம், இரண்டுமே கெடுதல். அடுத்த ஞாயிறு மாமா வந்தபோது, "டெய்லி செயின் செக் பண்றா மாப்ள. ஆம்பளப் பசங்களுக்கு இந்தப் பொறுப்பு வருமா?" என்றார். மாமா எனக்கு இரண்டு ரூபாய் கொடுத்தார். அந்த நாணயமும் ஜாமென்ட்ரி பாக்ஸுக்குள், லாக்குக்குப் பக்கத்தில் போனது.

புதுச் செயின் முதல் ஐந்நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் இளகும், அப்போது ஒருமுறை இறுக்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். பதினான்காம் நாள், மறுபடி ஒரு ஞாயிறு. பின்சக்கர நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத்து அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருகினார். கம்பியில் வெட்டியிருந்த கோடுகளை இடது பக்கம் அவரும் வலது பக்கம் நானும் படித்துச் சொல்லி ஒத்துப்பார்த்தோம். ஒரு பக்கம் கூடினால் சக்கரம் கோணும், செயின் பல்லின் பக்கவாட்டைத் தேய்க்கும். "மூணாவது கோடுங்ப்பா." "எனக்கும் மூணு." ஓட்டைக்குள் விரலை விட்டு அசைத்துப் பார்த்தார். ஓர் அங்குலம். திருப்தியோடு ரப்பர் மூடியை எடுத்தார்.

கிளம்பி வெளியே போக அம்மா புடவை மாற்றிக்கொண்டு ஆசாரத்தில் நின்றிருந்தார். மாசாணியம்மன் கோயிலுக்கு. அம்மாவின் தலையில் புதுக் கதம்பம்.

"மூடாதீங்கப்பா" என்றேன்.

உள்ளே ஓடிப் போய் ஜாமென்ட்ரி பாக்ஸை எடுத்து வந்து அவர் முன்னால் திறந்தேன். அப்பா லாக்கைப் பார்த்தார். நோஸ் பிளேயரால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எவ்வளவு நேரம் என்று என்னால் இப்போதும் சொல்ல முடியாது. அம்மாவிடம், "அரை மணி நேரமாகும் சாமி, உக்காரு" என்றார். மறுபடி சாக்கு விரித்தார். கூட்டின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நாளிதழில் வரிசையாக வைத்தார்.

கூடு திறந்ததும் சக்கரத்தைச் சுற்றி லாக்கைப் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினார். பழைய லாக்கை விரலால் அசைத்தார். லேசாக ஆடியது. "இதுவும் புடிச்சிருக்கும்தான்" என்றார் மெதுவாக. "ஆனா பின்னால உங்கம்மா உக்காந்து வர்றா."

அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பழைய லாக்கைக் கழற்றிப் போசியில் போட்டார். நோஸ் பிளேயரின் கைப்பிடியைத் துணியால் துடைத்து என் பக்கம் நீட்டினார். என் கை நடுங்கியது. மூடிய முனை முன்னால். பின்னின் காடியில் லாக்கை உட்கார வைத்து, வால் பக்கம் பிளேயரின் ஒரு மூக்கு, பின்னில் மறு மூக்கு. இரண்டு தடவை வழுக்கியது. அப்பா கையைக் கொண்டுவரவில்லை. மூன்றாம் தடவை 'டிக்' என்றது.

கூட்டை அவர் மாட்டினார், போல்ட்டுகளை நான் எடுத்துக் கொடுத்தேன். நாளிதழ் காலியானது. பின்சக்கரத்தை அப்பா சுற்ற, ஓட்டை வழியாகப் பார்த்தேன். வெள்ளி மீன் தலையை முன்னால் நீட்டிக்கொண்டு ஒருமுறை கடந்து போனது. இரண்டரைச் சுற்று கழித்து மறுபடி வந்தது.

ரப்பர் மூடியை அப்பா என் உள்ளங்கையில் வைத்தார்.

"நீயே மூடு, அம்மிணி."